ஃபீனிக்ஸ்: குளிராத இரவுகளின் நகரம்

அமெரிக்காவின் தென்மேற்கில், மெக்சிகோவின் எல்லையைத் தொட்டுக் கிடக்கும் அரிசோனா மாநிலத்தின் தலைநகரான ஃபீனிக்ஸ், சொனோரன் பாலைவனத்தின் நடுவே, மலைகள் சூழ்ந்த ஒரு தாழ்ந்த சமவெளியில் அமைந்துள்ளது. நகர எல்லைக்குள் ஏறத்தாழ 16 லட்சம் பேரும், ஒட்டி வளர்ந்த ஊர்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 50 லட்சம் பேரும் வாழும் இப்பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைக் கூட்டினாலும் சராசரியாக 20 சென்டிமீட்டரை எட்டுவதில்லை. கோடையில் பகல் வெப்பநிலை 43 டிகிரி செல்சியசைத் தாண்டுவது அங்கு செய்தியாகவே கருதப்படுவதில்லை. 1990 ஜூன் 26 அன்று பதிவான 50 டிகிரியே, அதாவது 122 ஃபாரன்ஹீட்டே, அந்நகர் கண்ட உச்ச வெப்பம். ஆனால் இந்த உச்ச அளவு அந்நகரின் கோடையைப் பற்றிச் சொல்வது குறைவு; விடியற்காலையில் வெப்பமானி இறங்கி நிற்கும் கடைநிலை அளவே அதைவிட அதிகம் சொல்கிறது.

2023ஆம் ஆண்டின் கோடையை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். அவ்வாண்டு ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை தொடர்ந்து 31 நாள்கள் பகல் வெப்பம் 110 ஃபாரன்ஹீட்டை, அதாவது 43.3 டிகிரி செல்சியசை, எட்டியோ தாண்டியோ நின்றது. அதற்கு முன் 1974இல் 18 நாள்கள் தொடர்ந்ததே மிக நீண்டதாக இருந்தது. உலகச் செய்தித்தாள்கள் இந்த 31 நாள் கணக்கையே தலைப்பிட்டு எழுதின. அதே மாதத்தில் தொடர்ந்து 16 நாள்கள் இரவு வெப்பம் 32 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை என்பதும், ஜூலை 19 அன்று விடியலுக்கு முன் பதிவான மிகக் குறைந்த வெப்பமே 36 டிகிரி, அதாவது மனித உடலின் இயல்பான வெப்பத்துக்கு ஏறத்தாழ இணையானது, என்பதும் பலரின் கவனத்துக்கு வரவில்லை. உடல்நலத்தின் கோணத்திலிருந்து நோக்கினால் இரண்டாவது கணக்கே அச்சமூட்டுவது.

பாலைவனத்தின் இயல்பு பகலில் சுடுவதும் இரவில் குளிர்வதும் ஆகும். கடலோர ஊர்களில் காற்றில் மிகுந்திருக்கும் நீராவி, நிலம் வெளியிடும் வெப்பத்தை இரவில் ஒரு போர்வைபோலப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வறண்ட பாலைவனத்திலோ அப்போர்வை மெல்லியது என்பதால், கதிரவன் மறைந்ததும் மணலும் பாறையும் தம் வெப்பத்தை நேரே வானுக்கு அனுப்பிவிட்டு விரைவில் குளிர்ந்துவிடுகின்றன. பாலையில் வாழும் உயிர்கள் அனைத்தும் இந்த இரவுக் குளிர்ச்சியை நம்பியே தம் வாழ்க்கையை வகுத்துக்கொண்டவை. சொனோரன் பாலைவனத்தின் அடையாளமான சாகுவாரோ என்னும் பெருங்கள்ளி, பகலில் இலைத்துளைகளைத் திறந்தால் நீரை இழக்க நேரும் என்பதால் அவற்றை மூடி வைத்திருந்து, இரவில் மட்டுமே திறந்து கரியமில வாயுவை உட்கொள்கிறது; அதாவது அது இரவில் மூச்சுவிடும் தாவரம். 2023 கோடையில் ஃபீனிக்ஸ் நகரில் நெடுங்காலம் நின்ற சாகுவாரோக்கள் சில கைகளை உதிர்த்தும், சில வேரோடு சாய்ந்தும் போனதற்கு, இரவுகள் குளிரத் தவறியதே முதன்மையான காரணம் என்று தாவரவியலாளர்கள் கருதினர். பாலைக்கென்றே அமைந்த தாவரத்தாலேயே தாங்க இயலாத இரவு அது.

இந்நிலத்தில் மனிதர் வாழ்ந்த வரலாறு நீண்டது. ஹொஹோகம் என்று தொல்லியலாளர் பெயரிட்டழைக்கும் பண்டைய மக்கள், சால்ட் ஆற்றிலிருந்து பல நூறு கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய்கள் வெட்டி, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சோளமும் பருத்தியும் விளைவித்து, 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி இப்பெருங்குடியிருப்புகளைக் கைவிட்டனர். 1860களின் இறுதியில் இங்கு வந்த வெள்ளையர் தூர்ந்துபோன அக்கால்வாய்களின் தடத்திலேயே மீண்டும் நீரைப் பாய்ச்சினர்; அழிந்த ஒரு நாகரிகத்தின் சாம்பலிலிருந்து எழும் ஊர் என்ற பொருளில்தான் கிரேக்கக் கதைகளில் வரும் ஃபீனிக்ஸ் பறவையின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பெயர் சூட்டியவர்கள் எண்ணிப்பார்த்திராத இன்னொரு பொருத்தமும் அதில் உண்டு: அப்பறவை தீயில் எரிந்து மீள்வது.

ஹொஹோகம் மக்களின் வழிவந்தவர்களாகத் தம்மைக் கருதும் ஒஓதம் பழங்குடியினர் வெயிலை எதிர்கொண்ட முறை, நம் ஊர்ப் பந்தலை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாத ஒன்று. மெஸ்கீட் என்னும் சீமைக்கருவேல இன மரத்தின் கிளைகளை நான்கு கால்களாக நட்டு, மேலே காய்ந்த கள்ளியின் நாரெலும்புகளையும் செடித்தண்டுகளையும் பரப்பி, சுவரே இல்லாமல் விட்டுவிடும் அக்கொட்டகையின் கீழ்தான் கோடைப் பகலின் சமையலும் பேச்சும் உறக்கமும் நிகழ்ந்தன. மேலிருந்து விழும் கதிரைத் தடுத்து, நான்கு பக்கமும் காற்றுக்கு வழிவிடும் இந்த அமைப்பை ஸ்பானியர் ரமாதா என்றழைத்தனர். இன்றும் ஃபீனிக்ஸ் பூங்காக்களில் உள்ள நிழற்கூரைகளுக்கு அப்பெயரே வழங்குகிறது.

வெள்ளையர் குடியேற்றம் பெருகிய பின்னும், 20ஆம் நூற்றாண்டின் முற்பாதி வரை, கோடை இரவு என்பது வெளியில் கழிக்கும் இரவாகவே இருந்தது. வீடுகளில் கம்பிவலை அடித்த திறந்த தாழ்வாரம் ஒன்று உறங்குவதற்கென்றே கட்டப்பட்டது. அது இல்லாதவர்கள் கட்டிலை முற்றத்தில் இழுத்துப் போட்டு, விரிப்பை நீரில் நனைத்துப் பிழிந்து போர்த்திக்கொண்டு படுத்தனர். பூச்சிகளும் எறும்புகளும் ஏறாதிருக்கக் கட்டிற்கால்களை மண்ணெண்ணெயோ நீரோ நிரப்பிய தகரக் குவளைகளில் வைப்பதும் உண்டு. வசதி படைத்தோர் மனைவி மக்களை வடக்கிலுள்ள மலையூர்களுக்கோ கலிஃபோர்னியக் கடற்கரைக்கோ அனுப்பிவிட்டு, இலையுதிர்காலம் வரை தாம் மட்டும் நகரில் தங்கினர். இவ்வாழ்க்கையை இனிமையானதாகக் கற்பனை செய்வது பிழையாகும். குழந்தைகளும் முதியோரும் அக்கோடைகளில் பெரிதும் துன்புற்றனர். எனினும் கட்டில் முற்றத்துக்குச் செல்வதற்குக் காரணம் ஒன்றிருந்தது: முற்றத்தில் இரவு குளிர்ந்தது.

1930களில் இந்நிலையை மாற்றிய கருவி, மண்பானையின் தத்துவத்தையே இயந்திரமாக்கியது. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது எஞ்சிய நீரிலிருந்து வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால் அது குளிர்வதைப் போல, நனைந்த மரச்சீவல் அட்டைகளின் வழியாக மின்விசிறி வெளிக்காற்றை இழுத்தால், அக்காற்று குளிர்ந்து வீட்டுக்குள் வரும். இந்தியாவில் ஏர் கூலர் என்ற பெயரில் விற்கும் பெட்டி இதன் உடன்பிறப்பே. அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோர்ன்பர்க் சகோதரர்கள் 1939இல் வெளியிட்ட சிறு கையேடு, கைத்திறன் உள்ள எவரும் இதைத் தாமே செய்துகொள்ள வழிகாட்டியது. காற்றின் ஈரப்பதம் மிகக் குறைந்திருக்கும் மே, ஜூன் மாதங்களில் இக்கருவி வியக்கத்தக்க வகையில் குளிர்விக்கும். ஆனால் ஜூலையில் தெற்கிலிருந்து பருவக்காற்று ஈரத்தோடு நுழைந்ததும், நீர் ஆவியாக இடமின்றி, அது ஈரத்தையும் புழுக்கத்தையும் மட்டுமே தரும். ஆகவே இரண்டாம் உலகப் போருக்குப் பின் குளிர்பதனப் பெட்டி, அதாவது நீரை நம்பாமல் வாயுவை அழுத்தியும் விரியவிட்டும் வெப்பத்தை வெளியேற்றும் ஏசி, மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் நகரம் அதைத் தழுவிக்கொண்டது. 1950இல் ஏறத்தாழ 1 லட்சத்து 7 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை 1960இல் 4 லட்சத்து 39 ஆயிரமானதில் நகர எல்லை விரிவுக்கும் பங்குண்டு என்றாலும், ஏசி இல்லாமல் அவ்வளர்ச்சியை எண்ணிப்பார்க்க இயலாது. வீடுகளின் வடிவமும் உடன் மாறியது: தடித்த மண்சுவரும் உறங்கும் தாழ்வாரமும் மறைந்து, குளிரூரிலும் வெப்பூரிலும் ஒரே அச்சில் வார்த்த மெல்லிய சுவர் வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன.

அவ்வீடுகளுக்கிடையே போடப்பட்ட தார்ச்சாலைகளும், கார் நிறுத்துமிடங்களும், காங்கிரீட்டும் பகல் முழுவதும் வெப்பத்தை உறிஞ்சி, இரவில் மெல்ல மெல்ல வெளியிடுகின்றன. சுற்றியுள்ள திறந்த பாலை குளிர்ந்த பின்னும் நகரம் மட்டும் சூடாக நிற்கும் இந்நிலையை அறிவியலாளர் நகர்ப்புற வெப்பத்தீவு என்கின்றனர். ஏசியும் இதில் தன் பங்கைச் செலுத்துகிறது. ஏனெனில் அது வெப்பத்தை அழிப்பதில்லை, அறைக்குள்ளிருந்து எடுத்துத் தெருவில் கொட்டுகிறது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட கணினி வழி ஆய்வொன்று, ஏசிகள் உமிழும் வெப்பத்தால் மட்டுமே ஃபீனிக்ஸ் பகுதியின் இரவு வெப்பநிலை சில இடங்களில் 1 டிகிரி செல்சியசுக்கு மேல் உயர்கிறது என்று காட்டியது. இவற்றோடு உலகளாவிய வெப்ப உயர்வும் சேர்ந்துகொள்ள, முற்றத்துக் கட்டிலுக்குத் திரும்பிச் செல்லும் வழி அடைபட்டுவிட்டது.

வெப்பம் உடலில் என்ன செய்கிறது என்பதை அறிந்தால், இரவின் இன்றியமையாமை மேலும் தெளிவாகும். சுற்றியுள்ள காற்று தோலைவிடக் குளிர்ந்திருக்கும் வரை உடல் தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிடும்; காற்று ஏறத்தாழ 35 டிகிரியைத் தாண்டியதும் அவ்வோட்டம் திசைமாறி, காற்றே உடலைச் சூடாக்கத் தொடங்கும். அந்நிலையில் எஞ்சும் ஒரே வழி வியர்வை ஆவியாதல்தான். 45 டிகிரி வெப்பக்காற்றை மின்விசிறி முகத்தில் வீசினால் அது அடுப்படிக் காற்றே ஆகும் என்பதால், அத்தகைய நாளில் மின்விசிறியை மட்டும் நம்பியிருத்தல் முதியோருக்கு ஆபத்தானது. வறண்ட வெப்பம் புழுக்கத்தைவிட எளிதில் தாங்கக்கூடியது என்று பொதுவாகச் சொல்வதில் உண்மை இருந்தாலும், அதிலேயே ஒரு பொறியும் உண்டு: வியர்வை தோலில் தங்காமல் உடனே ஆவியாகிவிடுவதால், சென்னையின் மே மாதத்தில் சட்டை நனைந்து எச்சரிப்பதுபோல அங்கு எதுவும் எச்சரிப்பதில்லை, உடல் எவ்வளவு நீரை இழந்தது என்பது தலை சுற்றும்போதுதான் தெரியவரும். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி அறிவு தடுமாறும் நிலையே வெப்பத்தாக்கு. விரைந்து குளிர்விக்காவிட்டால் அது உயிரைப் பறிக்கும். பகலில் நீரிழந்து களைத்த இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் இளைப்பாறக் கிடைக்கும் பொழுது இரவு மட்டுமே. அதுவும் கிடைக்காமல் அடுத்த பகலைச் சந்திக்கும் உடல், முந்தைய நாளின் கடனோடு அதைச் சந்திக்கிறது.

ஃபீனிக்ஸ் அடங்கிய மேரிகோபா மாவட்டம், வெப்பம் காரணமாகவோ துணைக்காரணமாகவோ அமைந்த மரணங்களைத் தனித்தனியே ஆராய்ந்து ஆண்டுதோறும் கணக்கிட்டு வெளியிடுகிறது. இப்படி ஊன்றிக் கணக்கெடுக்கும் ஊர்கள் உலகில் குறைவு. 2014இல் 61 ஆக இருந்த அவ்வெண்ணிக்கை 2022இல் 425 ஆகவும், 2023இல் 645 ஆகவும் உயர்ந்தது. 2023இல் மாண்டவர்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் வீடற்றவர்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மரணங்களில் போதைப்பொருளோ மதுவோ தொடர்புடையதாக இருந்தது. வீட்டுக்குள் நிகழ்ந்த மரணங்களை ஆராய்ந்தபோது, பெரும்பாலான வீடுகளில் ஏசி இருந்தது, ஆனால் அது பழுதாகியிருந்தது அல்லது அணைத்து வைக்கப்பட்டிருந்தது என்பது தெரியவந்தது. 2018இல் மின்கட்டணத்தில் 51 டாலர் பாக்கி வைத்திருந்த 72 வயதுப் பெண்மணி ஒருவர், மின்னிணைப்பு துண்டிக்கப்பட்ட வீட்டில் வெப்பத்தால் இறந்தது வெளியே தெரிந்ததும் எழுந்த கொந்தளிப்பின் விளைவாக, ஜூன் 1 முதல் அக்டோபர் 15 வரை கட்டணம் செலுத்தாததற்காக மின்சாரத்தைத் துண்டிக்க மாநிலக் கட்டுப்பாட்டின் கீழுள்ள மின் நிறுவனங்களுக்கு 2019இல் தடை விதிக்கப்பட்டது. தகரமும் மெல்லிய பலகையும் கொண்டு தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து நிறுத்தும் நகர்வீடுகளில் வாழ்வோர், மக்கள்தொகையில் தமக்குள்ள சிறு பங்குக்குச் சற்றும் பொருந்தாத அளவில் வீட்டுக்குள் நிகழும் வெப்ப மரணங்களில் இடம்பெறுகின்றனர்.

மின்சாரத்தின் மீதான இச்சார்பு எவ்வளவு ஆழமானது என்பதை 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு எண்களால் காட்டியது. கடும் வெப்ப அலையின்போது நகர் முழுவதும் மின்சாரம் நின்று, பல நாள்களில் படிப்படியாகத் திரும்பினால் என்ன ஆகும் என்று ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் பிரையன் ஸ்டோனும் உடனாய்வாளர்களும் கணித்தபோது, ஃபீனிக்சில் ஏறத்தாழ 13,000 பேர் இறக்கக்கூடும் என்றும், மக்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு அவசர மருத்துவம் தேவைப்படும் என்றும் விடை வந்தது. இது கணிப்பே, நிகழ்வன்று. ஆயினும் வேறெந்த நகரின் மக்களும் ஓர் இயந்திரத்தை இவ்வளவு முழுமையாக நம்பி உயிர்வாழ்வதாகச் சொல்ல முடியுமா என்பது ஐயமே.

நகராட்சி 2021இல் வெப்பத்துக்கென்றே தனி அலுவலகம் ஒன்றைத் தொடங்கியது. அரசுப் பணத்தில் நடக்கும் அத்தகைய அலுவலகம் அமெரிக்காவில் அதுவே முதலாவது. அதன் பணிகளுள் அதிகம் பேசப்பட்டது சாலைகளுக்குச் சாம்பல் நிறப் பூச்சுப் பூசும் திட்டம். கருநிறத் தாரைவிட இப்பூச்சு ஒளியை மிகுதியாகத் திருப்பியனுப்புவதால், சாலையின் மேற்பரப்பு நண்பகலில் 6 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்திருப்பதைப் பல்கலைக்கழக அளவீடுகள் உறுதிசெய்தன. ஆனால் திருப்பியனுப்பப்படும் ஒளி எங்கோ சென்றாக வேண்டும். அச்சாலையில் நடப்பவர் மீது அது விழுவதால், நண்பகலில் அவர் உணரும் வெப்பம் ஏறத்தாழ 3 டிகிரி கூடுகிறது என்பதையும் அதே அளவீடுகள் காட்டின. இரவில் காற்று குளிர்வதோ மிகச் சிறிதளவே. சாலையின் நலனும் நடப்பவரின் நலனும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

மனிதர் மீது கதிரவனும் சுற்றுப்புறச் சுவர்களும் தரையும் வீசும் வெப்பம் அனைத்தையும் கூட்டி அளக்கும் அளவைக் கதிர்வீச்சு வெப்பநிலை என்பர். நிழலில் நிற்பவருக்கும் இரண்டடி தள்ளி வெயிலில் நிற்பவருக்கும் காற்றின் வெப்பநிலை ஒன்றே ஆயினும், கதிர்வீச்சு வெப்பநிலை 20 டிகிரிக்கும் மேல் வேறுபடலாம் என்பதால், பேருந்துக்குக் காத்திருப்பவருக்கு எந்தப் பூச்சையும்விட ஒரு மரமே பேருதவி. 2010இல் நகராட்சி, 2030க்குள் நகரின் கால்பங்கு நிலத்தை மரநிழல் மூட வேண்டும் என்று இலக்கு வைத்து, அதை எட்டும் வேகத்தில் நடாததால் 2024இல் புதிய நிழல் திட்டம் ஒன்றை ஏற்றது. இங்குதான் பாலைவனத்தின் பழைய கணக்கு குறுக்கே வருகிறது. மரத்துக்கு நீர் வேண்டும். நீரின் பெரும்பகுதி சால்ட் ஆற்றின் அணைகளிலிருந்தும், 541 கிலோமீட்டர் நீளக் கால்வாய் வழியே வரும் கொலராடோ ஆற்றிலிருந்தும் கிடைக்கிறது. அக்கொலராடோவிலோ 2022ஆம் ஆண்டுக்கென வரலாற்றில் முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது. நீரைச் சேமிக்கப் புல்தரையை அகற்றிச் சரளைக்கல் பரப்பிய வீட்டு முற்றங்கள் நீர்க்கணக்கில் நன்மை செய்து வெப்பக்கணக்கில் தீமை செய்கின்றன. பழைய கால்வாய் நீரில் பங்குரிமை பெற்ற ஆர்கேடியா போன்ற செல்வர் பகுதிகளில் இன்றும் முற்றங்களில் வாய்க்கால் நீர் பாய்ச்சி எலுமிச்சை, ஆரஞ்சு மரங்கள் தழைக்க, ரயில் பாதைக்குத் தெற்கே மெக்சிகோ வழியினரும் கறுப்பினத்தவரும் ஒதுக்கி வைக்கப்பட்டு வாழ்ந்த பகுதிகளில் மரமின்றித் தெருக்கள் காய்கின்றன. பாலை ஒன்றுதான்; நிழல் மட்டும் பட்டாவோடு வருகிறது.

2024இல் 110 ஃபாரன்ஹீட்டை எட்டிய நாள்கள் 70. முந்தைய ஆண்டில் 55. வெப்பம் கூடியும் அவ்வாண்டு மரணங்கள் 608 ஆகச் சற்றே குறைந்தன. நூலகங்கள் சிலவற்றை இரவு 10 மணி வரையும், வேறு சில இடங்களை விடியவிடியவும் திறந்து வைத்து, வீடற்றவர்கள் குளிர்ந்த அறையில் படுக்க வழிசெய்ததும், தீயணைப்புத் துறையினர் வெப்பத்தாக்குற்றவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே ஐஸ் நிரப்பிய நீர்புகாப் பைக்குள் கழுத்துவரை கிடத்திக் குளிர்வித்ததும் இதற்கு உதவியிருக்க வேண்டும். இரண்டுமே எளிய செயல்கள். சுடும் தார்ச்சாலையில் மயங்கி விழுந்தவர்களுக்குத் தோல் வெந்துபோகும் புண்கள் ஏற்படுவதும் அவ்வூர்த் தீக்காய மருத்துவமனைகளுக்குப் பழகிப்போன ஒன்று. 70 டிகிரியைத் தாண்டும் சாலைப்பரப்பு சில நொடிகளிலேயே தோலைச் சுட்டுவிடும்.

நகர மக்களில் பிறரெல்லாம் பொழுதை மாற்றிப்போட்டு வாழக் கற்றுள்ளனர். கூரை வேய்வோர் இருள் பிரியும்போதே ஏணியில் ஏறி நண்பகலுக்கு முன் இறங்கிவிடுகின்றனர். நகரிலுள்ள கேமல்பேக் மலையின் நடைபாதைகள் கடும் வெப்ப எச்சரிக்கை நாள்களில் பகலில் மூடப்படுகின்றன. குளிர்நீர்க் குழாயைத் திறந்தாலும் வெந்நீரே வருவதால், கோடையில் அக்குழாய்க்கு அப்பெயர் பொருந்துவதில்லை. அமெரிக்காவின் பெரும்பகுதி கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி மாலை வெளிச்சத்தை நீட்டிக்கும்போது, அரிசோனா 1968 முதல் அதை ஏற்க மறுத்துவருகிறது. ஜூன் மாத இறுதியில் 7.40 மணிவாக்கில் மறையும் கதிரவனை 8.40 வரை வைத்திருக்க அங்கு எவருக்கும் விருப்பமில்லை. அது மறைந்து பல மணி நேரம் கழித்து, நள்ளிரவுக்குப் பின், புதிய குடியிருப்புகளுக்கான காங்கிரீட் வண்டிகள் புறப்படுகின்றன. பகலில் ஊற்றினால் கலவை பரப்புவதற்குள் இறுகி வெடித்துவிடும் என்பதால், நீரோடு ஐஸ் கலந்து, விளக்கொளியில் அதை ஊற்றிச் சமன்செய்து, விடிவதற்குள் தொழிலாளர் வீடு திரும்புகின்றனர். அன்று பகலில் அத்தரை தன் முதல் வெயிலை உறிஞ்சத் தொடங்கும்.